பத்து வரை மட்டும்

இடுப்போடு முடிந்துபோன ஒருவனை
நீலப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.
கைகள் இல்லை. கால்கள் இல்லை.
கட்டில் அட்டையில் யாரோ பகிடிக்கு எழுதியிருந்தார்கள்:
பெயர் தெரியாது, வயது ஐம்பத்திரண்டு,
திருக்கடலூர், மீன்பிடி.
நானும் சிரித்தேன்.

மேல்மாடி மண்டபம். மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும்.
யன்னலுக்கு வெளியே கடல் தன் பாட்டில் கிடந்தது.
டொக்டர் அப்ராஸ் என்னிலும் இரண்டு வயது இளையவர்.
கையில் ஒரு சின்ன ரிமோட்.
"இதயம் நிண்டுட்டு" என்றார்,
தேத்தண்ணி வந்திட்டு என்று சொல்வதுபோல.

தலைமாட்டில் நிலூஷிகா, காற்றுப் பையோடு.
மருந்துக்கு ஜெஸீமா; அவள் உடைத்த அட்ரினலின் குப்பியில்
இருந்தது உப்புத் தண்ணீர்.
நேரம் குறிக்கச் சகாயசீலன்.
எனக்கு நெஞ்சு.

உள்ளங்கையின் அடி. மார்பெலும்பின் கீழ்ப்பாதி.
முழங்கை மடங்கக் கூடாது.
ஐந்து சென்றிமீற்றர் சரியாக இறங்கினால்
உள்ளே ஒரு டிக்.
ஒரு டிக்குக்காக இப்படி ஆசைப்படுவேன் என்று
யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒண்டு ரெண்டு மூண்டு நாலு
பத்து வரை தமிழ் என்னோடு ஓடிவந்தது.
பதினொண்டில் மூச்சு வாங்கியது.
பதினேழு, பதினெட்டு எல்லாம்
சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு படியாய் இறங்கின.
கை அவற்றுக்காகக் காத்து நின்றது.
நிமிடத்துக்கு எண்பத்தாறு என்றது திரை. சிவப்பு விளக்கு.

நிலூஷிகா மனதுக்குள் சிங்களத்தில் எண்ணியிருக்கிறாள்.
ஜெஸீமா இருபதில் இங்கிலீசுக்குத் தாவிவிட்டாள்.
மூன்று கணக்கும் மூன்று இடத்தில் நிற்க,
மூச்சை எப்போது கொடுப்பதென்று
ஒருத்தருக்கும் தெரியவில்லை.
அப்ராஸ் ரிமோட்டை அழுத்தினார்.
கோடு தரையில் படுத்தது.
"ஆள் முடிஞ்சுது. இருங்க, கதைப்பம்."

கதைக்கும்போதுதான் சொன்னேன்.
சொல்வேன் என்று நினைத்திருக்கவில்லை.
போன மாசி, ஆறாம் வாட்டு, விடியப்புறம் மூன்று பத்து.
கிண்ணியாவிலிருந்து வந்த சீமெந்துக் கடைக்காரர்.
எண்ணிக்கை தவறி ஒன்றிலிருந்து தொடங்கினேன்,
மறுபடி தவறி மறுபடி ஒன்று.
விலா முறிந்த சத்தம் கேட்டு
ஒரு கணம் கையை எடுத்துவிட்டேன்.
ஒரு கணம்தானா?
அங்கே நேரம் குறிக்க ஆளில்லை.
அறிக்கையிலும் அது இல்லை.
இந்தப் பொம்மைக்கு விலா முறியாது, டொக்டர்.
முறிகிற ஒன்று கொண்டுவாங்கோ.

யாரும் என் தோளைத் தொடவில்லை. நல்லது.
சகாயசீலன் பேனையை மூடினான், திறந்தான்.
அப்ராஸ் கொஞ்ச நேரம் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"பத்துக்கு மேல ஏன் எண்ணுறீங்க?" என்றார்.

பத்து. பத்து. பத்து.
பிறகு ரெண்டு மூச்சு.
ஒவ்வொரு பத்துக்கும் சகாயசீலன் ஒரு விரலைத் தூக்கினான்.
விரலுக்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை;
நிலூஷிகா மூன்றாம் விரலில் பையை அமுக்கினாள்.
பச்சை. டிக். பச்சை.
என் வியர்வை அவன் பிளாஸ்ரிக் கழுத்தில் சொட்டியது.
கை மாறு என்று ஜெஸீமா கத்தியும்
விடாமல் நின்றேன்.
இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு ஏறினாள்.

அவன் பிழைத்தான்.
அல்லது அப்ராஸுக்குச் சாப்பாட்டு நேரம்.
நெஞ்சுத் தோலைக் கழற்றி ஸ்பிரிற்றால் துடைத்தோம்.
உள்ளே ஒரு சுருள் கம்பி, அவ்வளவுதான்.

நாலு மணி. ஆசுப்பத்திரி வாசலில் மான்கள்
வாழைப்பழத் தோலுக்கு நிற்கின்றன.
ஒன்று மட்டும் ஓட்டோ நிழலில் படுத்திருக்கிறது.
அதன் விலா ஏறுகிறது, இறங்குகிறது.
நிலாவெளி பஸ் வந்து ஹோர்ன் அடிக்கிறது,
நான் இன்னும் இங்கே
எட்டு, ஒன்பது, பத்து,
ஒண்டு